சிவப்பு லிட்மஸும் பச்சை மிளகாயும்

டெல்லியில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் அம்மா எனக்கு மிஸ். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வருபவள், வாசல் வந்ததும் விட்டுவிடுவாள். வகுப்பில் வாய்தவறி அம்மா என்று கூப்பிட்டால் என் பெஞ்சுக்காரிகள் ஒரு வாரம் சிரிப்பார்கள்.

நான் ஏழாவது படித்தபோது அவள் வகுப்பைப் பார்க்க ஒரு கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. அவர் நல்லபடியாக எழுதினால் அடுத்த ஆண்டே பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கலாம். அதற்காகவே, எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே எம்.எஸ்ஸி. படித்து முடித்தவள் அம்மா. எலுமிச்சம்பழம், சோப்புத் தண்ணீர், லிட்மஸ் தாள் சகிதம் மூன்று நாள் வீட்டில் ஒத்திகை நடந்தது. கடிகாரமும் கையுமாக அப்பா மாணவராக உட்கார்ந்தார்.

எங்களுக்குப் பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் புரியாதவர்களுக்காக அம்மா தமிழில் ஒருமுறை சொல்லுவாள். அதிகாரி வந்த அன்றும் சொன்னாள்.

“ஆசிட்னா அமிலம், பேஸ்னா காரம். காரம் பட்டா சிவப்பு லிட்மஸ் நீலமாயிடும்.”

டெல்லியில் பிறந்த எனக்குத் தெரிந்த காரம் ஒன்றே ஒன்றுதான். கையைத் தூக்கினேன்.

“மிஸ், அப்ப மிளகாய்ப்பொடி போட்டாலும் நீலமாயிடுமா?”

ஆகும் என்று பாதி வகுப்பு எனக்காகக் குரல் கொடுத்தது. கடைசி பெஞ்சில் இருந்த அதிகாரியை அம்மா ஒருதரம் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

“போட்டுப் பாத்துருவோம்” என்றாள்.

கேன்டீனிலிருந்து பொடி வந்தது. தண்ணீரில் கரைத்துத் தாளை நனைத்தோம். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. நான் விடுவேனா? பொடியின் சிவப்புதான் நீலத்தை மறைக்கிறது என்று சாதித்தேன். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் பச்சை மிளகாய் என்றாள். யாருடைய டிபன் டப்பாவிலிருந்தோ ஒன்று கிடைத்தது. அதற்கும் தாள் மசியவில்லை. நாக்குக்குத் தெரிகிற காரம் வேறு, தாளுக்குத் தெரிகிற காரம் வேறு என்று நாங்களே கண்டுபிடித்துக் கத்தியபோது மணி அடித்தது. சோப்புத் தண்ணீர் தொடாமலே இருந்தது.

பாடம் பாதியில் நிற்கிறதே மேடம் என்று அதிகாரி இந்தியில் கேட்டார். கேள்வி முடிந்துவிட்டது சார் என்று அம்மாவும் இந்தியிலேயே சொன்னாள். “அச்சா” என்று நோட்டை மூடிக்கொண்டு அவர் போய்விட்டார்.

சாயங்காலம் அப்பா ஆவலாக விசாரித்தார்.

“பாடம் முடியலை. ஆனா இனிமே ஒரு பிள்ளையும் அதை மறக்காது” என்றாள் அம்மா. அப்பா எழுந்து போய்க் காபி போட்டார். அவருக்கும் தாகம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பிளஸ் டூ அவள் கைக்கு வர இன்னும் நான்கு ஆண்டுகள் ஆயின. நாங்கள் எட்டாவது போன அந்த ஏப்ரலில் அறிவியல் புத்தகத்தோடு அம்மாவே உள்ளே நுழைந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய வகுப்பெல்லாம் வேண்டாம், மகளை விட்டுப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம் என்று பெஞ்சு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.