நட்சத்திரம் போட்ட பிழைப்பு

அலுவலகத்தில் அவளுக்கு மூக்கு என்று பெயர். பால் திரியப்போவதை முதல் நாளே சொல்லிவிடுவாள். மென்பொருளிலும் அப்படித்தான். ஒரு திரையைத் திறந்ததும் அவள் முகம் சுளித்தால், அதைச் செய்தவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவான். எங்கோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் எழுதிய நிரலில் பிழை பிடிப்பது அவள் வேலை. அருவருப்புக்குச் சம்பளம் வாங்குகிறவள் ஊரிலேயே நான் ஒருத்திதான் என்பாள்.

அந்த வேலை ஒரு மேடையில் கிடைத்தது. கணினிக்காரர்கள் தாங்களே சேர்ந்து வருடா வருடம் நடத்தும் மாநாடு அது. முதலாளி கிடையாது, பேசுகிறவர்தான் நாற்காலியும் எடுத்துப் போட வேண்டும். ஒருமுறை அங்கே மேடையேறி, பிழை செய்தவர் கூசாதபடி அதை எப்படி எழுதிக் கொடுப்பது என்று பேசினாள். கடைசி வரிசையில் இருந்த ஒரு மேலாளர் வெளியே வந்து, எங்களிடம் வருகிறீர்களா என்று கேட்டார். அதற்குப் பிறகு, எந்தெந்த உரைக்கு மேடை என்று தீர்மானிக்கும் குழுவில் சேர்ந்தாள். தனக்குத் திறந்த கதவை இன்னும் யாருக்காவது திறந்து பிடிக்கலாம் என்று நினைத்தாள்.

குழுவுக்கு இரண்டு விதிகள். முன்மொழிவுகளைப் பெயர் மறைத்துத்தான் படிக்க வேண்டும். எழுதியவர் யாரென்று தெரிந்துவிட்டால், அதைப் பேசும்போது அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். இந்த விதிகளைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

இந்த வருடம் படிக்க உட்கார்ந்ததும் குமட்டியது. எல்லாம் ஒரே இயந்திரத்தில் அரைத்து வந்தவை. எல்லாரும் 'இன்றைய வேகமான உலகில்' என்று தொடங்கி 'வாருங்கள், சேர்ந்து பயணிப்போம்' என்று முடித்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள்கூட இல்லை. விரலில் பாகு ஒட்டியதுபோல அடிக்கடி எழுந்து போய்க் கை கழுவினாள். அதில் ஒன்று உரையே இல்லை, விளம்பரம். வரிக்கு வரி ஒரு கம்பெனியின் பெயர். பெயர் மறைக்கும் நிரல் ஆள் பெயரைத்தான் மறைக்கும், கம்பெனிப் பெயரைத் தொடாது.

அப்புறம் இது வந்தது.

'*யோடு *ப்பது எப்படி' என்று தலைப்பு. கீழே: '*யை ஒளித்தால் *ப்பு போகும். *யைச் சொன்னாலும் *ப்பு போகும். எனக்கு இரண்டாவது வகையில் போனது.'

பின்னால் நின்று எட்டிப் பார்த்தார் அவள் வீட்டுக்காரர், எலக்ட்ரீஷியன். சட்டையில் சுவர்த் தூசி.

"என்னம்மா, கெட்ட வார்த்தையெல்லாம் படிக்கிற?"

"தள்ளுங்க, தூசி கொட்டுது."

"இரு இரு. 'ப்பு'ன்னு முடியுது. செருப்பு, நெருப்பு, வெறுப்பு..." விரலை மடக்கினார். "பொழப்பு."

அவள் திரையைப் பார்த்தாள். பிழைப்பு. பிழையோடு பிழைப்பது எப்படி. நட்சத்திரங்கள் இருந்த இடமெல்லாம் நிரம்பின. அதோடு எழுதியவளும் தெரிந்துவிட்டாள்.

மூக்கு முன்பு வேலை பார்த்த கம்பெனியில் பக்கத்து நாற்காலிக்காரி. ஏதாவது உடைந்தால், யார் என்று கேட்பதற்குள் "என் பிழைங்க" என்று கையைத் தூக்கிவிடுவாள். அதனால் பிழை என்றே பெயராகிவிட்டது. ஒருநாள் அப்படித் தூக்கிய கைக்காகவே வேலையை விட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு போன இடமெல்லாம், ஏன் அனுப்பினார்கள் என்ற கேள்வியிலேயே நேர்காணல் முடிந்துவிட்டது. மேடையில் நாலு பேர் முன்னால் தானே சொல்லிவிட்டால் யாராவது கூப்பிடுவார்கள் என்று நம்பியிருக்கிறாள். 'மேடையில் உங்களை எப்படி அழைப்பது' என்ற கட்டத்தில் பிழை என்று நிரப்பியிருக்கிறாள். நிரலும் சொன்னதைச் செய்திருக்கிறது. அந்த எழுத்துகள் வந்த இடமெல்லாம் நட்சத்திரம் போட்டுவிட்டது.

மூக்குக்குச் சிரிப்பு வந்தது. பிறகு விதி நினைவுக்கு வந்தது.

குழு கூடியது ஒரு பயிற்சி மையத்தின் பின்னறையில். ஜன்னல் திறக்காது. கம்பளத்தில் பழைய ஈர வாடை. ஒருங்கிணைப்பாளரை எல்லாரும் மைக் என்பார்கள். கையில் கிடைத்தால் விடமாட்டார். பெயர் மறைக்கும் நிரலை எழுதியவரும் அவர்தான். பிஸ்கட்டை டீயில் முக்கி, உடைந்து விழுந்த துண்டை விரலால் துழாவி எடுத்து, அந்த விரலாலேயே திரையைத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கல்லூரி வாத்தியார். யார் எது சொன்னாலும் தலையாட்டுவார்.

கம்பெனி விளம்பரத்துக்கு மாநாட்டின் முதல் உரையாகவே இடம் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் ஒரே ஓர் இடம்.

"இந்த நட்சத்திரக் கேஸைத் தூக்கிடலாம்," என்றார் மைக். "ஆபாசம். குடும்பத்தோட வர்ற இடம்."

"ரொம்பக் கொச்சை," என்றார் வாத்தியார்.

"ஆபாசம் இல்ல சார். அது உங்க நிரல் பண்ண வேலை. மறைஞ்சிருக்கிற வார்த்தை பிழை. வெச்சுப் படிச்சுப் பாருங்க."

மைக் உதடு அசையப் படித்தார். அவருக்குப் புரிந்தது. புரிந்தது முகத்தில் தெரிந்தது, பிறகு அதை அவர் மறைத்துக்கொண்டதும் தெரிந்தது.

"ஓ. அப்போ பிழைங்கிறது இவங்க பேரு."

"ஆமா."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க."

சொன்னால் வெளியே. சொல்லாவிட்டால் பொய். "தெரியும்," என்றாள்.

"அப்புறம் என்ன மேடம்? விதி இருக்கே. கொஞ்சம் வெளிய இருங்க."

"இருக்கேன். கொஞ்சம் முன்னாடி அந்தக் கம்பெனிக்கு இடம் குடுத்தப்ப நீங்க ஏன் சார் வெளிய போகல? அது உங்க மச்சான் கம்பெனிதானே?"

மைக் பிஸ்கட் பொட்டலத்தை மூடி வைத்தார். கோபமே வரவில்லை. அவள் மூக்குக்கு எட்டிய நாற்றம் அதுதான்.

"அதுல ஆள் பேரே இல்லையே மேடம். யார் எழுதினதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வாத்தியார் தலையாட்டினார்.

தாழ்வாரத்தில் தண்ணீர் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. அதன் தட்டில் யாரோ துப்பிய சூயிங்கம். தெரியும் என்றவளுக்குத் தாழ்வாரம், தெரியாது என்றவருக்கு நாற்காலி. இத்தனை வருடம் தான் பெருமைப்பட்ட விதி இதுதானா என்று நினைத்தபோது வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே அப்படி. கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. கூப்பிட்டார்கள்.

கடைசி இடம் மச்சானின் கூட்டாளிக்கு. அதுவும் 'இன்றைய வேகமான உலகில்'தான்.

"இடம் கிடைக்காதவங்களுக்கு நீங்களே மெயில் போட்டுடுங்க மேடம்," என்றார் மைக். "உங்க எழுத்துல ஒரு பக்குவம் இருக்கும்."

மெயிலின் மாதிரி ஏற்கெனவே தயாராக இருந்தது. 'அன்புள்ள *, போட்டி மிகக் கடுமையாக இருந்தது.' அதிலும் நட்சத்திரம்.

"நான் போடல. குழுவிலேர்ந்து என் பேரையும் எடுத்துடுங்க."

"ஐயோ, என்ன மேடம், இதுக்கெல்லாமா கோச்சுக்குவாங்க?"

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். தெருமுனையில் நின்று பிழைக்குப் போன் செய்தாள்.

"என்னடி மூக்கு, கிடைச்சுதா?"

"உன் பேரு கெட்ட வார்த்தையாம்டி."

நடந்ததை எல்லாம் சொன்னாள். அந்தப் பக்கம் பிழை முதலில் சிரித்தாள், மூச்சு வாங்கும்வரை. பிறகு சிரிப்பு நின்றது.

"உன்னை வேலைக்குக் கூப்பிட்ட அந்த மேலாளர் இந்த வருஷமும் வர்றாரா?"

"வர்றாரு."

"ம். அடுத்த வருஷம் அந்தக் கம்பெனிப் பேரையே எனக்கு வெச்சுக்கறேன். அதை யாரும் மறைக்க மாட்டாங்கல்ல."

மூக்குக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினாள். பிஸ்கட் ஊறிய டீயின் வாடை கையில் இருந்தது. அவள் அதைத் தொடக்கூட இல்லை.

"இதெல்லாம் ஒரு பொழப்பாம்மா?" என்றார் வீட்டுக்காரர், துண்டை நீட்டி.

சில நாளில் நிகழ்ச்சி நிரல் வெளியாயிற்று. வழவழப்பான வண்ணங்கள், மேலே கம்பெனியின் சின்னம். கீழே, நேர்மையான தேர்வுக்கு உழைத்த குழுவினருக்கு நன்றி என்று ஒரு பட்டை. அதில் முதலாவதாக அவள் பெயர். முழுப் பெயர். இனிஷியல், ஒற்று எல்லாம் சரியாக, ஒரு பிழைகூட இல்லாமல்.