கத்தியது அவர், தவறு என்னுடையது

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி மாதம், கோவில்பட்டியில் லாரி ஓட்டப் பழகப் போய்க்கொண்டிருந்தேன். அதற்கு முன் பதினோரு வருடம் வாடகைக் கார் ஓட்டியவன். கிளச், கியர், நெரிசலில் நிதானம் எல்லாம் எனக்கு முன்பே பழக்கம் என்பதால் முதல் நாளே லாரி நகர்ந்துவிட்டது. அதில் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது.

என்னோடு ஒரு பெண்ணும் பழக வந்தார். தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, லோடு ஆட்டோ ஓட்டுபவர். வண்டியை விட அகலமாகப் பண்டல் அடுக்கி ஓட்டிய பழக்கமோ என்னவோ, அவர் கண் எப்போதும் கண்ணாடியில்தான் இருக்கும். "லோடு ஆட்டோ ஓட்டுன கைக்கு லாரி அடங்குமாம்மா?" என்று கேட்டேன். அவர் சிரித்ததோடு சரி.

ஒருநாள் காலை இடைசெவல் பக்கம் நான் ஓட்டினேன். பயிற்சியாளர் நடுவில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இடது ஜன்னலோரம். ஒரு சின்னப் பாலத்தருகே இடது பக்கம் திரும்ப வேண்டும். கார் ஞாபகத்தில் ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்துவிட்டேன். திரும்பும்போது லாரியின் பின் சக்கரம் உள்பக்கமாக ஓரத்தை ஒட்டி வரும் என்பது நினைவில் இல்லை.

"அண்ணாச்சி, நிப்பாட்டுங்க. பின் டயர்கிட்ட ஆளு வாராரு" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார் அந்தப் பெண்.

பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தால், பாலச் சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சைக்கிள் நசுங்கிக் கிடந்தது. அதை ஓட்டி வந்த பெரியவர் கரிசல் காட்டுக்குள் குதித்துவிட்டதால் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார்.

"என்னய்யா ஆச்சு?" என்றார் பயிற்சியாளர்.

"இந்தம்மா திடீர்னு கத்துனாவ சார். கை பதறிட்டு."

எப்படி அது வாயில் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

எனக்கு உரிமம் கிடைத்தது. அதற்கும் பிறகுதான் பயிற்சியாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் அவரைத் தேடிப் போனேன். பண்டல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேம்மா. மன்னிச்சிருங்க. திரும்பப் பழக வாங்க. வீட்டுல நானே வந்து சொல்லுதேன்."

"கத்தி ஆளக் கொல்லப் பாத்தியாமேன்னு வீட்டுக்காரரு கேட்டாரு. ஏற்கெனவே அரை மனசாத்தான் அனுப்புனாவ. இப்ப நீங்க வந்து நின்னா, இவரு எதுக்கு உனக்காக வாராருன்னு அது வேற கேப்பாவ. விட்டுருங்க அண்ணாச்சி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

இப்போது பருப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு மதுரைக்கு லாரி ஓட்டுகிறேன். வளைவில் எவ்வளவு விலகிப் போய்த் திரும்ப வேண்டும் என்பது கைக்குப் பழகிவிட்டது; என்னை விட நன்றாக ஓட்டியிருக்கக்கூடிய ஒருவரை, என் தவறை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு நானே இறக்கிவிட்டேன் என்ற நினைப்பு மட்டும் இன்னும் பழகவில்லை.