மஞ்சள் தடவிய கயிறு

மயிலாப்பூர் குளத்தை ஒட்டிய தெருவில் தடிமனான பருத்திக் கயிறு கேட்டபோது, "ஊஞ்சலுக்காம்மா?" என்றார் கடைக்காரர். பன்றிக்கு என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கயிற்றை அளந்து வெட்டினார்.

பன்றிகளுக்கு வரும் வைரஸ் நோய்களைக் கண்டுபிடிப்பது என் வேலை, ஆய்வுக்கூடம் அடையாறில். ரத்தம் எடுக்க ஒரு பன்றியைப் பிடிப்பதற்கு நான்கு பேர் வேண்டும், நால்வரும் அன்று வேறு எதற்கும் உதவ மாட்டார்கள். கயிறு என்றால் அந்தத் தொல்லை இல்லை. கொட்டிலில் தொங்கவிட்டால் போதும். புதிதாக எதைப் பார்த்தாலும் கடித்துப் பார்க்காமல் இருக்கப் பன்றியால் முடியாது. எனக்கும் ஏறக்குறைய அதே குணம் என்பதால் அவற்றைப் பிடிக்கும். மென்ற கயிற்றைப் பிழிந்தால் எச்சில் வரும். அதில் வைரஸ் இருந்தால் பி.சி.ஆர். சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

ஆதம்பாக்கத்தைத் தாண்டிப் பன்றி வளர்க்கும் ஓர் அக்கா அழைத்திருந்தார். காய்ச்சல், காதெல்லாம் சிவப்பு, இரண்டு செத்துவிட்டன. இப்படி வரும் நோய்கள் இரண்டு, கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஒன்று நம் ஊரில் வெகுகாலமாக இருக்கும் பழைய பன்றிக் காய்ச்சல். தடுப்பூசி போட்டு மற்றவற்றைக் காப்பாற்றலாம். இன்னொன்று ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், அதற்கு இங்கே தடுப்பூசி இல்லை. வந்தால் நன்றாக இருக்கிற பன்றிகளையும் சேர்த்துக் கொன்று புதைக்க வேண்டியதுதான். அந்தக் கொட்டிலை விட்டால் அக்காவுக்கு வேறு பிழைப்பு இல்லை.

என் செருப்போடு நோய் ஒரு கொட்டிலிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடக் கூடாது என்று நான் உள்ளே போகவில்லை. வாசலிலேயே கயிற்றைக் கொடுத்தேன். எவ்வளவு உயரத்தில் கட்டுவது, எவ்வளவு நேரம் விடுவது, எந்தப் பையில் பிழிவது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். மறுநாள் பிழிந்த எச்சில் பையில் வந்து சேர்ந்தது. கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. தீவனமாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சோதனையில் இரண்டு வைரஸுமே இல்லை. "நெகட்டிவ், ரிப்போர்ட் குடுத்துடலாம்" என்றார் பக்கத்து மேசை நண்பர். சோதனை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க, கூடவே பன்றியின் மரபணுவையும் தேடுவோம். அதுவும் வரவில்லை. பன்றி மென்ற கயிற்றில் பன்றியே இல்லை என்கிறது மெஷின். மெஷினைத் திட்டினேன், திரும்ப ஓட்டினேன், அதே பதில். எரிச்சல் போய் ஆர்வம் வந்துவிட்டது. அந்த ஆர்வத்திலேயே ஒரு நாள் கழிந்தது. பிறகுதான் அக்காவுக்கு போன் செய்யத் தோன்றியது.

"கயித்துல ஏதாவது பட்டுச்சாக்கா?"

"இன்னாமா பட்டுது? மஞ்சத் தண்ணில ஊறப்போட்டு தான் கட்னேன். வெளிய இருந்து வர்ற பொருளு, எத்தினி கொட்டாய்க்குப் போய்ட்டு வந்திச்சோ."

மஞ்சள் சோதனையைக் கெடுத்துவிட்டிருந்தது. கோபப்பட வாயைத் திறந்தேன், முடியவில்லை. செருப்பைப் பற்றி நான் பயந்த அதே பயம்தான் அது. என் வீட்டிலும் புது மிக்ஸி வந்தால் மஞ்சள் வைக்காமல் ஓடாது. இருந்தும் முன்கூட்டியே சொல்லிவைக்க எனக்குத் தோன்றவில்லை.

மஞ்சள் வேண்டாம் என்று சொல்லி வேறு கயிறு அனுப்பினேன். இந்த முறை பன்றி வந்தது, வைரஸும் வந்தது. பழைய காய்ச்சல். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஆப்பிரிக்கா இல்ல. ஊசி போட்டுக் காப்பாத்திடலாம். நாளைக்குக் காலைல வராங்க."

அக்கா கேட்டார்: "மொத நாளே மஞ்சா வாணாம்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தீங்கன்னா, இந்த ஊசி முன்னாடியே வந்திருக்கும் இல்ல?"

"ஆமாக்கா."

"நேத்து மூணு போச்சு. ஒன்னு குட்டி போடுற நேரம்."


மன்னிப்புக் கேட்டேன். ஊசிக்காரர்களை எத்தனை மணிக்கு எதிர்பார்க்கலாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டார்.