வைக்கோல் அடைத்த சக்கரம்

ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்துக்கொண்டதற்கு மறுவருஷம், பங்குனி மாதம். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து என் மனைவியை, திருமங்கலத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்தப் பகலைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்களுக்கு முதல் குழந்தை, பெண். பெயர்கூட வைத்திருக்கவில்லை. பிரசவம் வீட்டில்தான் நடந்தது. சில நாளில் என் மனைவிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கஷாயத்துக்கு அடங்கவில்லை. குழந்தையை என் தாயாரிடம் விட்டுவிட்டு என் அக்காவும் நானும் அவளை மதுரைக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள். கடைசியில் டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா இன்னிக்கே கூட்டிட்டுப் போயிருங்க” என்றார். பிழைக்கமாட்டாள் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று புரிந்துவிட்டது. என் மனைவிக்கு மட்டும் சந்தோஷம். பிள்ளையைப் பார்க்கப் போகிறோம் என்று அக்காவிடம் தலை வாரிவிடச் சொன்னாள்.

பஸ்ஸில் படுக்க வைக்க இடம் கிடையாது. அப்போது பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்ஸெல்லாம் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேட்டைக் கண்டால் முனகி நின்றுவிடும். கோரிப்பாளையத்தில் ஒரு பாய் வாடகைக் கார் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, அதிகம் பேசாத ஆள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் குனிந்து பார்த்தது டயரைத்தான். முன்பக்கத்து இடது டயரின் வெளியோரம் மொழுமொழுவென்று தேய்ந்து, உள்ளே துணி தெரிந்தது. உள்ளோரத்தில் மட்டும் ஓரளவு கட்டம் மிஞ்சியிருந்தது.

“இது காரைக்கால்ல ஒரு பிரெஞ்சுக்காரன்கிட்ட வாங்குன வண்டி. மத்த காரையெல்லாம் பின் சக்கரம் தள்ளும். இத முன் சக்கரம் இழுக்கும். இழுக்குறதும் அதுதான், திரும்புறதும் அதுதான். அதான் முன்னாடி இந்தத் தேய்மானம். அப்பப்ப முன்னாடி கெடக்குறத பின்னாடியும் பின்னாடி கெடக்குறத முன்னாடியும் மாத்தித்தான் இம்புட்டு நாள் ஓட்டிட்டேன்” என்றார். இருந்த ஸ்பேர் டயரும் போன மாதம் போய்விட்டதாம். மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு ரப்பர் வரவில்லை. புது டயர் டாக்டர்களுக்கும் சர்க்காருக்கும் மட்டும்தான்.

வரமாட்டார் என்று நினைத்துத் திரும்பினேன். “ஆஸ்பத்திரி வாசல்ல நில்லுங்க, வாரேன்” என்றார்.

அவளைப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். அக்கா மடியில் தலை. நான் முன்னால் உட்கார்ந்தேன். கார் கிளம்பும்போது அவள் கண்ணைத் திறந்து, “அண்ணே, வீட்டுக்குப் போயிருவோமா?” என்று கேட்டாள். முன்பின் தெரியாத மனுஷர். அவர் திரும்பி அவளைப் பார்த்து, “போயிருவோம் தங்கச்சி. நீ கண்ண மூடிப் படுத்துக்க” என்றார். அவள் தங்கச்சியானதும் நான் அவருக்கு மாப்ளயாகிவிட்டேன்.

பழங்காநத்தம் தாண்டியதிலிருந்து வெயில் காரின் மேல் உட்கார்ந்துகொண்டது. பாய் பள்ளம் கண்ட இடமெல்லாம் வளைத்து வளைத்து ஓட்டினார். கப்பலூர் தாண்டியதும் வேட்டுப் போட்டதுபோல ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், புளியமரத்தடியில் நின்றது. முன்பக்கத்து இடது டயர்தான். தேய்ந்த ஓரத்தில் ஒரு சாண் கிழிந்திருந்தது. டியூப் கந்தல்.

பாய் சக்கரத்தைப் பார்க்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு களமும் வைக்கோல் படப்பும் தெரிந்தன. “மாப்ள, அந்த ஆள்கிட்ட ரெண்டு கட்டு வைக்கோலும் கயிறும் வாங்கிட்டு வாங்க” என்றார்.

களத்துக்காரர் எங்கள் பக்கத்து ஆள்தான். விஷயத்தைச் சொன்னதும் தானே கட்டுகளைத் தூக்கிக்கொண்டு, குடிக்கத் தண்ணீரோடு வந்தார். அதற்குள் பாய் ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைக் கழற்றியிருந்தார். பின்னாலிருந்து ஒரு நல்ல சக்கரத்தையும் கழற்றி முன்னால் மாட்டினார். கிழிந்த டயருக்குள் வைக்கோலை நனைத்துத் திணிக்க ஆரம்பித்தார்.

“எதுக்கு ரெண்டு வேல பாய்? இத முன்னாடியே போட்டா என்ன?” என்று கேட்டேன்.

“இழுக்குற சக்கரத்துல வைக்கோலு நிக்காது மாப்ள, தூளாயிரும். பின்னாடி சும்மா உருண்டு வாரதுதான. மெதுவாப் போனா தாங்கும்.”

“டயரு?”

“அது போயிரும்” என்றார், திணிப்பதை நிறுத்தாமல்.

நானும் அவரோடு குனிந்து வைக்கோலைக் குத்தித் திணித்துக்கொண்டிருந்தேன். அப்போது காருக்குள்ளிருந்து அக்கா, “தம்பி” என்று கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் முகம் தூங்குகிறதுபோல இருந்தது. வாரிவிட்ட தலை கலையவில்லை. அக்கா அழாமல் அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் காரின் கதவைப் பிடித்தபடி நின்றேன். என் கையிலிருந்த ஈர வைக்கோலை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாய் மெல்லிய குரலில், “இன்னாலில்லாஹி” என்று தொடங்கி ஏதோ ஓதினார்.

களத்துக்காரர்தான் முதலில் பேசினார். “வண்டி பூட்டித் தாரேன் தம்பி. மாட்டு வண்டியில கொண்டுபோயிருங்க. பாவம், அவரு டயராவது மிஞ்சட்டும்.”

அவர் சொன்னது நியாயம். கிழிந்த டயரை அப்படியே கழற்றி வைத்தால் ஒட்டுப் போட்டு ஓட்டலாம். வைக்கோலை அடைத்து ஓட்டினால் நார்நாராகிவிடும். அதுவுமில்லாமல், பிணம் ஏற்றிய வண்டி என்று தெரிந்தால் நாளைக்கு யார் சவாரிக்குக் கூப்பிடுவார்கள்? நான் பாயிடம், “இனிமே அவசரம் ஒண்ணும் இல்ல பாய். நீங்க திரும்பிப் போயிருங்க” என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. “போயிருவோம்னு அதுகிட்டச் சொல்லியிருக்கேன் மாப்ள. மாட்டு வண்டி போய்ச் சேர பொழுது சாஞ்சிரும், வெயில் வேற. பச்சப்புள்ள ஒருதடவ தாய் மேல கெடக்கட்டும். இந்தக் கயிறப் பிடிங்க.”

பிடித்தேன்.

மீதி வழியை சைக்கிள் வேகத்தில்தான் கடந்தோம். பின் சக்கரம் சுற்றுக்குச் சுற்று லொடக் லொடக்கென்று அடித்தது. திரும்பிப் பார்த்தால் ரோட்டில் வைக்கோல் கற்றை கற்றையாக விழுந்து கிடந்தது. ரப்பர் தீய்ந்த நாற்றம். திருமங்கலம் கடைவீதியில் ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். அக்கா முந்தானையால் அவள் முகத்துக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டே வந்தாள். ஊருக்குள் நுழையும்போது சக்கரத்தில் டயர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ரிம் கல்லில் உரசி வளைந்துவிட்டது.

என் தாயார் குழந்தையைக் கொண்டுவந்து அவள் மார்பின் மேல் போட்டார். அது அழவில்லை. முகத்தை அங்கும் இங்கும் திருப்பிப் பாலுக்குத் தேடியது. அப்போதுதான் அக்கா கதறினாள். பாய் வேலியோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சுடுகாட்டுக்கு எடுத்துப்போனபோது தெருமுனைவரை கூடவே நடந்து வந்தார்.

காரில் பெட்ரோலும் தீர்ந்திருந்தது. மறுநாள், காரியமெல்லாம் ஓரளவு முடிந்த பிறகு, அந்தச் சக்கரத்தில் மறுபடியும் வைக்கோலைச் சுற்றிக் கட்டி, என் மாடுகளைக் காருக்கு முன்னால் பூட்டினேன். பாய் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார, நான் மாடுகளோடு நடந்தேன். பழங்காநத்தத்தில் கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து சிரித்தார்கள். “என்ன பாய், வண்டி புல்லுத் திங்குதா?” என்றார் ஒருவர். பாய் நேரே பார்த்தபடி வந்தார். நான்தான் தலையைக் குனிந்துகொண்டு மாடுகளை ஓட்டினேன்.

கோரிப்பாளையத்தில் அவர் மனைவி கதவோரம் வந்து நின்றார். பாய் நடந்ததைச் சொல்ல, அவர் பின் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வீட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த வண்டி அது. அவர் உள்ளே போனார். சண்டைதான் வரப்போகிறது என்று நினைத்தேன். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து என் மாடுகளுக்கு வைத்துவிட்டு, “புள்ள பால் குடிக்குதா?” என்று என்னிடம் கேட்டார். குடிக்கிறது என்று தலையாட்டினேன்.

பாய்க்கு டயர் கிடைக்கவில்லை. சர்க்காருக்கு எழுதிப் போட்டும் பார்த்தார். பிறகு இரண்டொரு தடவை நான் போனபோது கார் கல் மேல் நின்றது. அவர் விறகுக் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால், “அத விடுங்க மாப்ள, மகள் எப்படி இருக்கா?” என்பார். யுத்தம் முடிந்து ஒருநாள், நன்றாகப் பேசத் தொடங்கிய மகளைக் காட்டலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். காரை உடைத்து இரும்புக்கு விற்றுவிட்டு, லாரி ஓட்டக் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்குமேல் விசாரிக்க வழியில்லை. மகள் கேட்டாள், “யாரைப் பாக்க வந்தோம்பா?” என்று. “உங்க மாமாவை” என்றேன்.

என் மனைவி போனதை நினைக்கும்போதெல்லாம், குனிந்த தலையோடு வைக்கோல் திணித்துக்கொண்டிருந்த அந்த மனுஷரும் கூடவே நினைவில் வந்துவிடுகிறார். அதனால்தானோ என்னவோ, என் வாழ்க்கையில் மிக மோசமான அந்த நாளை முழுதாக வெறுக்க இன்றுவரை என்னால் முடியவில்லை.