புறப்பாட்டுத் தேத்தண்ணி

போன மாதம் என் மருமகள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். எந்த நாட்டிலோ ஒரு தாடிக்காரர், வாயில் புகைக்குழாயும் கையில் தேநீர்க் கோப்பையுமாக உட்கார்ந்துகொண்டு, இன்ன புகையிலைக்கு இன்ன தேயிலைதான் பொருந்தும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். "அத்தை, இது புதுசா வந்திருக்கிற கலையாம்" என்றாள். எனக்கு வந்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது. அந்தக் கலை எங்கள் வீட்டு அடுக்களையில் நான் பாவாடை கட்டின காலத்திலேயே நடந்தது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. நான் சொல்வதில் பாதியை அவள் நம்புவதில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவள். என் கையெழுத்து இன்றைக்கும் கோழி கிளறினதுபோலத்தான் இருக்கும். ஆனால் ஓட்டப்பிடாரத்து டீக்கடை அண்ணாச்சி முதல் ஆறுமுகநேரி உப்பளத்து வாசலில் கேன் வைத்து விற்கிறவர் வரை கொதிக்கவைப்பது நான் விற்கிற தேயிலைத் தூளைத்தான். மூட்டையைப் பிரிக்கும்போதே அது போன மழைக்குப் பறித்ததா, அதற்கு முந்தின மழைக்குப் பறித்ததா என்று சொல்லிவிடுவேன். பழைய சரக்கை என் தலையில் கட்டப் பார்த்த வியாபாரிகள் எல்லாரும் ஓய்ந்து போனார்கள். பெருமை பேசுகிறாள் என்று நினைக்கிறவர்கள் என் தூளில் ஒரு கோப்பை போட்டுக் குடித்துவிட்டுப் பிறகு நினைக்கட்டும். இந்த மூக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அப்பாவிடமிருந்து என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா கொழும்புக்குப் போய்வருகிற பாய்மரத் தோணி ஒன்றுக்குத் தண்டல். கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ, தோணிக்குத் தண்டல் அப்படி. மற்ற தண்டல்மார் பீடியும் சுருட்டும் குடிக்க, அப்பா மட்டும் சுங்கான் பிடிப்பார். புகைக்குழாயை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். கொழும்புத் துறைமுகத்தில் நிற்கிற பல தேசத்துக் கப்பல்காரர்களிடம் கருப்பட்டியும் கருவாடும் கொடுத்துப் புகையிலை டப்பா வாங்கி வருவார். கூடவே மலைத் தேயிலைப் பொட்டலங்களும் வரும். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு பொட்டலம் ஜோடி. மாற்றினால் வீடு இரண்டாகிவிடும்.

வெயிலில் காய்ந்த வைக்கோல் வாசம் அடிப்பது இங்கிலீஷ்காரன் புகையிலைத் தூள். அதற்கு நுவரெலியாத் தேயிலை. பால் கிடையாது, நிறம் இறங்கியதும் வடித்துவிட வேண்டும். உலர்ந்த திராட்சைபோல மணக்கிற டச்சுக்காரன் தூளுக்கு இரத்தினபுரிப் பக்கத்துக் கடுந்தேயிலை. சீனி சேர்க்கக் கூடாது, தித்திப்பைப் புகையே கொண்டுவந்துவிடும். கிரேக்கன் தூள் என்று ஒன்று உண்டு. தோணிக்குப் பூசுகிற கீல் மாதிரி நாறும். அதற்கு ஊவாத் தேயிலையில் ஒரு கல் உப்பு.

அப்பாவின் அக்கா, என் அத்தை, அடுத்த வீட்டில் இருந்தாள். ஒரு நாள் அப்பா கிரேக்கன் தூளைப் பற்றவைத்திருந்த நேரம் பார்த்து, ஏலக்காய் தட்டிப் போட்ட பால் தேத்தண்ணியை ஆசையாகக் கொண்டுவந்தாள். அப்பா அதை வாங்கி முருங்கை மூட்டில் ஊற்றிவிட்டார்.

"ஏலே, பாலையா கொட்டுத? நீ உருப்படுவியா?"

"அக்கா, மரம் குடிச்சிட்டு ஒண்ணும் சொல்லல பாத்தியா? அதுக்குச் சுங்கான் பழக்கம் இல்ல."

அத்தை ஒரு வாரம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அம்மாவிடம் இந்தத் தொல்லையே கிடையாது. அப்பா முற்றத்தில் சுங்கானைப் பற்றவைத்ததும் அடுப்படியில் இருந்தபடியே மூக்கைத் தூக்குவாள். எந்த டப்பா திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கேட்கவும் மாட்டாள், சொல்லவும் மாட்டாள். சரியான தேத்தண்ணி சரியான சூட்டில் போய் அவர் பக்கத்தில் உட்காரும். அவர்கள் இருவரும் கொஞ்சிப் பேசி நான் பார்த்ததில்லை. அதற்கு அவசியம் இருந்ததாகவும் தெரியவில்லை.

கோயிலில் எனக்குப் புதுநன்மைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வருஷம் அப்பாவுக்குக் குரல் கம்மியது. முதல் முறையாகத் திவ்விய நற்கருணை வாங்குவதைத்தான் புதுநன்மை என்போம். நான் ஜெபங்களை உரக்கச் சொல்லிப் படிப்பேன். அப்பா கட்டிலில் இருந்து, தப்பு வரும் இடத்தில் விரலைச் சொடுக்குவார். பிறகு கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று தெரிந்தது. அது உடைந்து புண்ணானது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு குழாயைச் செருகி அனுப்பிவிட்டார்கள். அத்தை புனலை வைத்து அதன் வழியே கஞ்சி ஊற்றுவாள்.

"இனி வாய் வழியா ஒரு சொட்டுக்கூடக் கூடாதாம் மதினி" என்று அம்மா அத்தையிடம் சொன்னாள். "தொண்டைக்கு அடைச்சித் தொறக்கிற சத்து போயிட்டாம். குடிச்சா நெஞ்சுக்குள்ளதான் இறங்குமாம். அன்னைக்கே முடிஞ்சிருமாம்."

"எல்லாம் அந்தச் சனியம் புடிச்ச சுங்கான்" என்றாள் அத்தை.

புண்ணுக்கு ஒரு வாடை உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. சாம்பிராணி போட்டுப் பார்த்தார்கள், அடங்கவில்லை. வருகிறவர்கள் மூக்கைப் பொத்தாமல் இருக்கப் படுகிற பாட்டை அப்பா பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். ஊரிலேயே நல்ல மூக்கு அவருடையது. அதை வைத்துக்கொண்டு அவர் தன்னையே மோந்துகொண்டு கிடந்தார்.

ஒரு நாள் மாலை அம்மாவைப் பார்த்துக் கையை அசைத்தார். நடுக்கடல் காற்றில் குரல் எட்டாது என்பதால் தோணிக்காரர்கள் கையால்தான் பேசிக்கொள்வார்கள். அந்தச் சைகைகள் எனக்கும் அம்மாவுக்கும் அத்துப்படி. நீ குடி, நான் பார்க்கிறேன் என்றார்.

அம்மா கதவைச் சாத்தினாள். டச்சுக்காரன் டப்பாவைத் திறந்தாள். பொருத்தமான தேத்தண்ணியைப் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுங்கானை வாயில் வைத்து இழுத்தாள். இருமலில் கண் பிதுங்கியது. அப்பாவின் தோள்கள் குலுங்கின. சத்தம் இல்லாத சிரிப்பு.

"பாரு ஏளா, தண்டலு பொண்டாட்டி ஊதுதா, தண்டலு வேடிக்க பாக்காரு" என்று என்னிடம் சொல்லி அவளும் சிரித்தாள்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் அது நடந்தது. புகையை அவர் முகத்துப் பக்கமாக ஊதுவாள். ஒரு வாய் குடித்துவிட்டு, எப்படி இருக்கிறதென்று சொல்லுவாள். "மொதல்ல திராட்ச. தேத்தண்ணி போன பொறவு லேசாக் கசக்கு. பொறவு... கப்பல் மரம் நனைஞ்ச மாதி." அப்பா விரலை ஆட்டினால் தப்பு. அவள் திரும்ப ஒரு வாய் குடித்துப் பார்த்துச் சொல்லுவாள். சரியான சொல் வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். நானும் கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்துப் பார்த்து, எனக்குத் தோன்றியதைச் சொல்லுவேன். என் சொல்லுக்கு அவர் இரண்டு முறை கண்ணை மூடியிருக்கிறார். பிற்காலத்தில் எனக்கு எத்தனையோ பேர் மாலை போட்டிருக்கிறார்கள், அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

அத்தை ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எந் தம்பியத் தின்னதே இந்தக் கொள்ளிக்கட்டதான். அதையே வாயில வச்சு அவன் முன்னால ஊதுதியா? நன்ம வாங்குத வாய்தானா ஏளா அது?"

அப்பாதான் கையைத் தூக்கி வாசலைக் காட்டினார். அத்தை அழுதுகொண்டே போனாள். தெருவெல்லாம் தெரிந்துபோனது.

பிறகு வலி வந்தது. அதற்கு முன்னால் இருந்தது வலியே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஊசிக்கு அது கட்டுப்படவில்லை. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் அவர் நகம் பட்டு வெள்ளைச் சுண்ணாம்பு உதிர்ந்து, செம்மண் தெரிந்தது. டப்பாக்களைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோயில் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபம் சொல்லிவிட்டுப் போனார்.

மேற்கே இருந்து வீசுகிற கச்சான் காற்று ஓய்ந்து, கரையில் தோணிகளுக்குக் கீல் பூசத் தொடங்கியிருந்தார்கள். ஒரு மத்தியானம் அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். அம்மா வழக்கம்போல டச்சுக்காரன் டப்பாவை எடுத்தாள். அப்பா அவள் கையைத் தள்ளிவிட்டு, உத்தரத்தில் தொங்கிய யாழ்ப்பாணப் புகையிலையைக் காட்டினார்.

அது தினப்படிக்கு உள்ளது அல்ல. தோணி புறப்படுகிற அன்றைக்கு மட்டும்தான் அப்பா அதைச் சுங்கானில் அடைப்பார். அதற்கு ஜோடி, தேயிலைத் தூளோடு சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் கறுக்கக் கறுக்கக் கொதிக்கவைத்த தேத்தண்ணி. தண்டல் பெண்சாதி அதைக் கரைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் சொட்டு விடாமல் குடித்து, கோப்பையை மணலில் கவிழ்த்து வைத்துவிட்டு, கையை முஷ்டியாக்கி மேலே தூக்குவார். நங்கூரம் தூக்கு என்று அர்த்தம்.

அப்பா முஷ்டியைத் தூக்கினார்.

"வேண்டாம்" என்றாள் அம்மா.

கை கீழே விழுந்தது. மறுபடியும் தூக்கினார்.

"என்னால முடியாது. பிள்ள நிக்கா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். முஷ்டி இறங்கவில்லை. அம்மா வெகுநேரம் கழித்து உத்தரத்தில் இருந்த புகையிலையை இறக்கினாள்.

"ஏளா, மாமாட்டப் போ. அப்பா நங்கூரம் தூக்கச் சொல்லுதாருன்னு சொல்லு. மாமா கூட்டிட்டு வந்தா வா. தனியா வராத."

நான் பறந்தேன். அப்பாவுக்குச் சுகமாகிவிட்டது என்ற செய்தியை ஊருக்கு முதலில் சொல்லப்போவது நான். தாய்மாமாவுக்கு அப்பாவின் தோணியில்தான் வேலை. கரையில் மற்றவர்களோடு சேர்ந்து தோணியின் வயிற்றுக்குக் கீல் பூசிக்கொண்டிருந்தார்.

"மாமா! அப்பா நங்கூரம் தூக்கச் சொல்லுதாரு! அம்மா கருப்பட்டித் தேத்தண்ணி போடுதா!"

கூட இருந்த ஒருவர், "தண்டலு எந்திரிச்சிட்டாராவே?" என்று சிரிக்கப் பார்த்தார். மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அம்மாவா சொல்லச் சொன்னா?"

"ஆமா. வாங்க மாமா, போவோம்."

மாமா மணலில் உட்கார்ந்துவிட்டார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "இரு தாயி. கீல் காயட்டும்."

கீல் காய நாள் முழுக்க ஆகும் என்பது எனக்கே தெரியும். இழுத்துப் பார்த்தேன், பிடி தளரவில்லை. தலையில் துண்டு கட்டியிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவிழ்த்தார்கள். புழுக்கம்போல என்று நினைத்தேன். வெயில் சாய்ந்து, தோணிகளின் நிழல் தண்ணீரைத் தொட்ட பிறகுதான் மாமா எழுந்தார்.

தெருமுனையிலேயே அத்தையின் ஒப்பாரி கேட்டது. அப்பாவின் முகமும் தாடியும் நன்றாகத் துடைத்து விடப்பட்டிருந்தன. அறை முழுக்க யாழ்ப்பாணப் புகையிலையின் காரம். கட்டிலுக்குக் கீழே கோப்பை கவிழ்ந்திருந்தது. தரையில் சொட்டு ஈரம் இல்லை.

அத்தை அதைப் பார்த்தாள். எடுத்து மோந்தாள். ஒப்பாரி நின்றுபோனது.

"என்னத்தக் கொடுத்த?"

"கேட்டதக் கொடுத்தேன் மதினி."

இதோ அம்மாவை அடிக்கப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் கோப்பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். திரும்பி வந்து, கூட்டத்துக்குக் கேட்கும்படி, "காலையிலருந்தே மூச்சு இழுத்துக்கிட்டுத்தானே கெடந்தான் எந் தம்பி!" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு ஞாயிறும் பூசை தவறியதில்லை. ஆனால் நன்மை வாங்க எல்லாரும் எழுந்து போகும்போது அவள் மட்டும் முழந்தாளில் இருந்த இடத்திலேயே இருப்பாள். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனத்துக்கும் போவதில்லை. அத்தை ஒரு முறை தணிந்த குரலில் கேட்டபோது, "மனசு வருந்தாம எப்பிடி மதினி சாமியார்ட்டப் போயிச் சொல்ல?" என்று அம்மா சொன்னது என் காதில் விழுந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. சின்ன வயதிலேயே நான் சூட்டிகை. சுங்கான் குடித்த விஷயம்தான். வாயில் இன்னும் புகையிலை வாடை இருக்குமோ, சாமியார் மோந்துவிடுவாரோ என்று கூச்சப்படுகிறாள். என் புதுநன்மைக்கு முந்தின நாள் உமிக்கரியும் ஒரு கிராம்பும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இப்பவே பல்லு தேச்சுக் கிராம்பச் சவச்சிருங்கம்மா. காலையில ஒரு வாடையும் இருக்காது. எங்கூட வந்து நன்ம வாங்கலாம்."

அம்மா என்னை இழுத்து உச்சியில் முகம் வைத்து வெகுநேரம் விடவில்லை. கிராம்பை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாக நான் வரிசையில் நின்றேன். நன்மைக்கு முன்னால் வாயில் ஒரு பண்டமும் படக்கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி. பலிபீடத்துக்குப் போகும் முன் திரும்பி அம்மாவைப் பார்த்து, வாங்க என்று கையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கிராம்பை எடுத்து வாயில் போட்டு, நான் பார்க்கவே கடித்தாள்.

சின்னப்பிள்ளை எனக்கே மனப்பாடமான விதி, இவ்வளவு பெரியவளுக்கு எப்படி மறந்துபோனது என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று பொழுது சாயும் வரை நான் அம்மாவோடு பேசவில்லை.