செத்தவர் வந்து ஆசீர்வதித்த படம்

‘ஆவணி, முகூர்த்தத்துக்கு முந்தின நாள், புதன் மாலை. மச்சான் மேடைக்கு வந்தார். சட்டைப்பை வலப்பக்கம்.’

அன்றைய என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. மச்சான், என் அக்காவின் கணவர். அப்போது அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மேடைத் திரையில் வந்தது, அவருடைய பழைய புகைப்படங்களைக் கொடுத்துக் கம்ப்யூட்டரில் செய்யவைத்த ஒரு படம். அவிநாசி ரோட்டு மண்டபங்களில் இப்போது இது வழக்கமாகிவிட்டது. இறந்துபோன அப்பா மேகத்திலிருந்து இறங்கி வந்து மணமக்களை ஆசீர்வதிப்பார். மண்டபமே அழும். பிறகு எழுந்து பந்திக்குப் போகும்.

அழவைக்கும் படங்களோடு எனக்குப் பழைய பகை உண்டு. பள்ளி நாட்களில் சிங்காநல்லூர்க் கொட்டகையில் எங்கள் வீதியே சேர்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். திரையில் மருமகள் துரத்திவிட்ட கிழவிக்காகத் தேம்பித் தேம்பி அழுத பெண்மணி, வீட்டுக்கு வந்ததும் தன் மாமியாரிடம், “எந்திரிச்சுப் போயி அந்தப் பக்கம் படுங்க, தடத்துல கெடக்காதீங்க” என்றார். அப்போது அவர் கண் இன்னும் ஈரமாகவே இருந்தது. அழுதால் மனம் சுத்தமாகும் என்று பழைய நூல்களில் படித்திருக்கிறேன். நான் பார்த்தவரை மூக்குதான் சுத்தமாகிறது.

மச்சானின் படத்துக்கு ஏற்பாடு செய்தவர் அவருடைய அண்ணன், அதாவது மணப்பெண்ணான அக்கா மகளின் பெரியப்பா. கல்யாணத்தைத் தலைமேல் போட்டுக்கொண்டு நடத்தியவரும் அவர்தான். முதல் நாள் மாலை நலங்கு. சுமங்கலிகள் ஒவ்வொருவராக மேடையேறி மணப்பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூசி ஆசீர்வதிக்க வேண்டும். அக்கா விதவை என்பதால் அவளுக்கு அந்த மேடையில் இடமில்லை.

அக்கா என்னிடம் கேட்டது இதுதான்: “ஒரே ஒருக்கா அவ கன்னத்துல சந்தனத்த வெச்சுப்போட்டு எறங்கிப் போயிருவேன் கண்ணு. வேற ஒன்னும் வேண்டாம். உங்க மச்சான் அண்ணங்கிட்டச் சொல்லிப் பாரு.”

சொல்லிப் பார்த்தேன். பெரியப்பா கோபப்படவில்லை. அவர் கோபப்படவே மாட்டார். வெல்லம் கரைத்த மாதிரி பேசி, இல்லை என்றுவிடுவார்.

“ஏனுங்க மாப்ள, உங்கக்கா மேல எனக்கு என்னங்க கோவம்? நல்ல காரியத்துல வழமைன்னு ஒன்னு இருக்குதுங்கல்ல. கொறை தெரியக் கூடாதுன்னுதான் படத்துக்கே சொல்லியிருக்கறனுங்க. தம்பியே நேர்ல வந்து கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்றாப்புல.”

“செத்துப்போனவரு மேடைக்கு வரலாம், உசுரோட இருக்கறவ வரக் கூடாதுங்களா?”

“நீங்க நாலு புஸ்தகம் படிச்சவரு, பேசுவீங்க” என்றார் சிரித்துக்கொண்டே. “உங்ககிட்ட இருக்கற தம்பி போட்டோவெல்லாம் நாளைக்குக் காலைல குடுத்துருங்க.”

புகைப்படங்களைக் கொடுத்தேன். எடுத்த மாதமும் இடமும் ஒவ்வொன்றின் பின்னாலும் என் கையெழுத்தில் இருந்தன. ஸ்டுடியோவில் அதையெல்லாம் யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

புதன் மாலை மண்டப விளக்குகளை அணைத்தார்கள். புல்லாங்குழல் ஒன்று ஒலித்தது. மேகம் விலக, கோபுரத்துக்குப் பின்னாலிருந்து மச்சான் வந்தார். ஜரிகை வேட்டி, பட்டுச் சட்டை. படத்தை இடவலம் மாற்றிப் போட்டிருந்ததால் சட்டைப்பை வலப்பக்கம் போய்விட்டது, இடது கன்னத்து மச்சமும் கூடவே போய்விட்டது. பல் எல்லாம் வரிசையாக, வெள்ளைவெளேரென்று. கருமத்தம்பட்டித் தறிக்குடோனில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, பக்கத்திலிருப்பவரிடமும் கத்தித்தான் பேசுவார். வெற்றிலைக் காவி ஏறிய பல்லைக் காட்டிச் சிரிப்பார். இவரோ தேன் தடவிய குரலில், “என் செல்ல மகளே, அப்பா எங்கும் போகவில்லை, உன்னுடனேதான் இருக்கிறேன்” என்றார். டிவியில் செய்தி வாசிக்கிற தமிழ். பெற்ற மகளை, மச்சான் வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரி, ஒரு தடவைகூட ‘அம்மணி’ என்று கூப்பிடவில்லை.

மண்டபம் உடைந்து அழுதது. வண்டித்தடத்துக்காக மச்சானைக் கோர்ட்டுக்கு இழுத்த பங்காளி அழுதார். மச்சான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தோட்டத்தில் வேலை என்று எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் அழுதார்கள். பெரியப்பா வாயில் துண்டை வைத்துக்கொண்டு “தம்பீ, தம்பீ” என்றார். அது நடிப்பல்ல. அவர் நிஜமாகவே அழுதார். எனக்கு அதுதான் இன்னும் பொறுக்கவில்லை. நடிப்பாக இருந்தால் மன்னித்துவிடலாம். திரையில் இருப்பவர் நம்மிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. பாதை விடு என்று சொல்லப் போவதில்லை, மேடையில் இடம் கொடு என்று கேட்கப் போவதில்லை. அதனால்தான் அவருக்காக இவ்வளவு தாராளமாக உருக முடிகிறது. அழுது முடித்ததும், நாமும் நல்லவர்தான் என்று ஒரு நிம்மதி வரும். காசு கொடுத்து ஜனங்கள் வாங்குவது அந்த நிம்மதியைத்தான்.

எனக்குப் பின்வரிசையில் இரண்டு பெண்கள்.

“அவளப் பாருங்கக்கா. கட்டுனவன் வந்து நிக்கறான், கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வருதா?”

“கல்லு மனசு. என்ற ஊட்டுக்காரரு மட்டும் இப்படிப் போயிருந்தா நானெல்லாம் அழுதே செத்திருப்பேன்.”

“அவரு இருக்கறப்பவே தெனம் அழுதுட்டுத்தான இருக்கறீங்க.”

“சும்மா இரு புள்ள, படத்தப் பாரு.”

மூன்றாம் வரிசை ஓரத்தில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திரையின் வெளிச்சம் பட்ட முகத்தில் அழுகை இல்லை. நான் மறுபடி திரையில் தெரிந்த சட்டைப்பைக்குத் திரும்பினேன். மச்சான் இரு கைகளையும் உயர்த்தினார், பூ மழை பொழிந்தது, திரை கறுத்தது.

விளக்கு உடனே எரியவில்லை. கும்மிருட்டில் மூக்குச் சிந்தும் சத்தமும் விசும்பலும் மட்டும் கேட்டன. யாரோ “லைட்டப் போடுங்கப்பா” என்றார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இருட்டாகவே இருந்தது.

விளக்கு எரிந்தபோது அக்கா மேடையில் இருந்தாள். மணப்பெண்ணின் இரு கன்னங்களிலும் சந்தனம் ஏறியிருந்தது. அக்காவின் விரல்கள் மஞ்சளாக இருந்தன. மகள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, துண்டும் கையுமாக நின்ற மனிதர். தம்பிக்காக ஊர் பார்க்க அழுதுவிட்டு, அதே முகத்தோடு தம்பி பெண்டாட்டியைக் கீழே இறங்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தொண்டையைச் செருமினார். “செரி செரி, அடுத்தவங்க வாங்க, நேரமாவுதல்ல” என்றார். சுமங்கலிகள் வரிசையாக வந்து, அக்கா பூசிய சந்தனத்தின் மேலேயே பூசினார்கள்.

அக்கா இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“படம் எப்படி இருந்துச்சு கண்ணு? நான் பாக்கல. படிக்கட்டு எங்க இருக்குதுன்னே பாத்துட்டு இருந்தேன்.”

“மச்சானாட்டவே இல்ல” என்றேன்.

“போச்சாது உடு. அவரு வந்திருந்தா இத்தன பேரு அழுதிருப்பாங்களா?”

அந்தப் படம் இப்போதும் உறவினர்களின் போன்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் அழுகிற பொம்மை முகங்களை அனுப்புகிறார்கள்.

விளக்கு ஏன் தாமதமாக எரிந்தது என்று பின்னால் விசாரித்தேன். மண்டபத்து எலக்ட்ரீஷியன், தானாகச் சுவிட்சைத் தொடவில்லை, ஸ்டுடியோக்காரர்கள் சொன்ன பிறகுதான் போட்டதாகச் சொன்னார். ஸ்டுடியோக்காரர், பெண் வீட்டிலிருந்து யாரோ போன் செய்து, படம் முடிந்ததும் கொஞ்சம் பொறுத்து விளக்குப் போடச் சொன்னதாகவும், பெண் குரல் என்பதற்கு மேல் நினைவில்லை என்றும் சொன்னார். மணப்பெண்ணிடம் கேட்டேன். “ஏன் மாமா, அதையும் எழுதிக்குவீங்களா?” என்று சிரித்தாளே தவிர, ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போன் செய்தது யார் என்பதை என்னால் இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.