பேசாத நாலாம் வகுப்பு

இன்று கடலூர் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"சார், கம்மாபுரம் பக்கத்துல எங்க ஸ்கூலுக்கு டேப் ரெக்கார்டரோட வந்தீங்களே! நான் அப்ப நாலாங்கிளாஸ்."

என் முனைவர் பட்டமே அந்த வகுப்புதான். இரண்டாம் மொழி கற்கும் குழந்தைகள் முதலில் மௌனமாகத்தான் இருப்பார்கள் என்று எழுதி வாங்கியது.

"ஏம்மா, நீங்க யாருமே அன்னிக்கு வாயத் தொறக்கல?"

"டீச்சர்தான் சார். தப்புத்தப்பா இங்கிலீஷ் பேசி மானத்த வாங்குனீங்க, தோல உரிச்சிருவேன்னாங்க."

"பிள்ளைகளிடம் காரணம் கேட்டாயா?" என்று அன்றே கேட்டவர், சிதம்பரத்தில் என்னோடு ஆய்வு செய்த நண்பர் ஒருவர்தான். அவரைப் பொறாமைக்காரன் என்று சொல்லி, பதினைந்து வருஷமாக நான் அவரிடம் பேசுவதில்லை.

இந்தக் குழுவில் உள்ள சிதம்பரத்து நண்பர்களே, அவர் யாரென்று உங்களுக்குத் தெரியும்; அவர் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா? எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றும் சொல்லுங்கள். இந்த மௌனத்துக்கு டீச்சர் மேல் பழி போட முடியாது.